ஸ்காண்டிநேவியக் கிரைம் நாவல்கள்: வாசகர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்வீடனிலிருந்தும் நார்வேயிலிருந்தும் வரும் கிரைம் நாவல்களை ஆவலோடு வாங்கி, நூறு பக்கங்களைத் தாண்டுவதற்குள் மூடி வைத்துவிடும் வாசகர்கள் பலர் உண்டு. கதை நகரவே இல்லை, பெயர்கள் குழப்புகின்றன, துப்பறிவாளரின் குடும்பக் கவலைகளுக்கு முடிவே இல்லை என்பவை அவர்கள் பொதுவாகச் சொல்லும் குறைகள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு, அந்நூல்களை நாம் அணுகும் முறையே காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கொலையாளி யார் என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு வாசிப்பது. ஒரே மூச்சில் படித்து முடிக்கும் மாத நாவல்களில் பழகியவர்களுக்கு இது இயல்பாகவே வந்துவிடுகிறது. ஆனால் இவ்வகை எழுத்துக்கு அடித்தளமிட்ட மாய் ஷோவால், பேர் வாலோ இணையர் 1965 முதல் 1975 வரை எழுதிய பத்து நாவல்களையும், நாவலுக்கு முப்பது அத்தியாயங்கள் வீதம் ஒரே நீண்ட கதையாகவே திட்டமிட்டார்கள். இடதுசாரிகளான அவர்கள், மக்கள் நல அரசு என்று உலகம் புகழ்ந்த ஸ்வீடனில் யாரெல்லாம் கைவிடப்படுகிறார்கள், 1965இல் நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பாக்கப்பட்ட காவல்துறை எப்படி மக்களிடமிருந்து விலகிப் போகிறது என்பவற்றைச் சொல்வதற்காகவே கொலைக் கதையைக் கையில் எடுத்தார்கள். அவர்களுடைய முதல் நாவலான ‘ரோசன்னா’வில், கால்வாயைத் தூர்வாரும் இயந்திரம் ஒரு பெண்ணின் உடலை வெளியே கொண்டுவருகிறது. அவர் யார் என்பது தெரிவதற்கே வாரங்கள் பல ஆகின்றன. பிறகு, அவர் பயணம் செய்த கப்பலில் வந்த சுற்றுலாப் பயணிகள் எடுத்த படங்களையெல்லாம் வரவழைத்து, துப்பறிவாளர் மார்ட்டின் பெக்கும் அவருடைய சகாக்களும் முகம் முகமாகப் பார்க்கிறார்கள். பதில் கடிதத்துக்குக் காத்திருப்பது, சளி பிடித்து அவதிப்படுவது, வந்த தகவலை மறுபடியும் சரிபார்ப்பது என்று நீளும் அந்த நாட்கள்தான் நாவல். அவற்றைத் தாண்டித் தாண்டிப் போகிறவரிடம் கடைசியில் ஒரு பெயர் மட்டுமே மிஞ்சும்.

ஸ்வீடன் எழுத்தாளர் ஹென்னிங் மாங்கெல், வாலண்டர் என்ற காவல் துப்பறிவாளரை நாயகனாக்கி 1991இல் வெளியிட்ட முதல் நாவலில் இது இன்னும் தெளிவாகப் புலப்படும். 1990 ஜனவரியில், ஸ்வீடனின் தென்கோடியிலுள்ள ஒரு பண்ணை வீட்டில் முதியவர் ஒருவர் கொல்லப்படுகிறார். குற்றுயிராகக் கிடந்த அவருடைய மனைவி, தாக்கியவர்கள் வெளிநாட்டினர் என்று கருத இடமளிக்கும் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு இறந்துபோகிறார். அந்தத் தகவல் ஊடகங்களுக்குக் கசிகிறது. அகதிகள் முகாம் தாக்கப்படுகிறது. அதில் இருந்த சோமாலியர் ஒருவர் கொல்லப்படுகிறார். அகதிகள் பகுதியைக் கிளைக்கதை என்று எண்ணித் தள்ளிவிட்டு முதல் கொலையை மட்டும் பின்தொடர்ந்தால், ஆசிரியர் எதற்காக எழுதினாரோ அதையே விட்டுவிடுகிறோம். அதே நாவலில், கொலை நடந்த இரவில் லாயத்துக் குதிரைக்கு யாரோ தீனி வைத்திருக்கிறார்கள் என்ற விவரமும் வருகிறது. இரண்டு முதியவர்களை வதைத்தவனுக்குக் குதிரையின் பசி ஏன் நினைவுக்கு வந்தது என்று வாலண்டர் யோசிக்கும் இடத்தில் நாமும் நின்று யோசிக்க வேண்டும். வேகமாகப் புரட்டுகிறவர் கண்ணில் அந்த வரி படாது.

துப்பறிவாளரின் வீட்டு விஷயங்களைத் தாண்டிச் செல்வதும் இதைச் சார்ந்த பிழையே. வாலண்டரின் தந்தை ஓர் ஓவியர். வாழ்நாள் முழுவதும் ஒரே நிலக்காட்சியையே வரைகிறார், சில படங்களில் மட்டும் ஒரு காட்டுக்கோழியைச் சேர்க்கிறார். மகன் போலீஸ்காரனானதை அவர் ஏற்றுக்கொள்ளவே இல்லை. நாவலுக்கு நாவல் வளரும் இந்த மனத்தாங்கலும், பின்னர் வாலண்டருக்குக் கண்டறியப்படும் நீரிழிவும், வழக்கை அவர் பார்க்கும் விதத்தையே மாற்றுகின்றன. இன்னொரு ஸ்வீடன் எழுத்தாளரான ஸ்டீக் லார்சனின் முதல் நாவல் தொழிலதிபர் ஒருவரைப் பற்றிய அவதூறு வழக்கோடு நிதானமாகத் தொடங்குகிறது. அதன் ஒவ்வொரு பகுதியின் முகப்பிலும் ஸ்வீடனில் பெண்கள் மீது நிகழும் வன்முறை பற்றிய ஒரு புள்ளிவிவரம் தரப்பட்டிருக்கிறது. அவற்றைப் படிக்காமல் கதைக்குள் செல்பவருக்கு, பின்னால் வரும் கொடுமைகள் வெறும் அதிர்ச்சிக்காகச் சேர்க்கப்பட்டவையாகத் தோன்றக்கூடும்.

அடுத்தது, வரிசை பாராமல் கையில் கிடைத்த நூலிலிருந்து தொடங்குவது. இதில் வாசகரை மட்டும் குறை சொல்ல முடியாது. நார்வே எழுத்தாளர் யூ நெஸ்போவின், ஹாரி ஹூலே என்ற காவல் துப்பறிவாளரைப் பற்றிய தொடரில் ஆங்கிலத்தில் 2005இல் முதலில் வந்தது ஐந்தாவது நாவல். சிட்னியில் நிகழும் முதல் நாவலும் பாங்காக்கில் நிகழும் இரண்டாவதும் 2012, 2013 ஆண்டுகளில்தான் ஆங்கிலம் கண்டன. மூன்றாவது நாவலில் தொடங்கும் ஓர் இழை நான்காவதைக் கடந்து ஐந்தாவதில்தான் முடிகிறது என்பதால், ஐந்தாவதை முதலில் படித்தவர் முடிவைத் தெரிந்துகொண்டே தொடக்கத்துக்குப் போகிறார். பெரும்பாலான பதிப்புகளில் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் மூலநூல் வெளியான ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பார்த்து வரிசைப்படுத்திக்கொள்வதே பாதுகாப்பான வழி.

வட ஐரோப்பிய நாடுகள் அனைத்தையும் பனி மூடிய ஒரே தேசமாகக் கருதுவதும் தவறு. இரண்டாம் உலகப் போரில் ஸ்வீடன் நடுநிலை வகித்தது. நார்வேயும் டென்மார்க்கும் 1940 முதல் 1945 வரை ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் இருந்தன. ஜெர்மனிக்காகக் கிழக்குப் போர்முனையில் ஆயுதமேந்திய நார்வேஜியர்களைப் பற்றிய நெஸ்போவின் மூன்றாவது நாவலில், அரை நூற்றாண்டுக்குப் பிறகும் ஆறாத கோபத்தைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். ஐஸ்லாந்தும் பின்லாந்தும் கண்டிப்பான பொருளில் ஸ்காண்டிநேவியாவே அல்ல. பருவமும் அப்படித்தான்: ஸ்டாக்ஹோமில் டிசம்பர் மாதப் பகல் ஏறத்தாழ 6 மணி நேரம், ஜூன் மாதப் பகல் 18 மணி நேரத்துக்கும் மேல். மாங்கெலின் ஐந்தாவது வாலண்டர் நாவல், 1994ஆம் ஆண்டின் கோடையில், மஞ்சளாகப் பூத்த எண்ணெய்ப் பயிர் வயலின் நடுவே ஓர் இளம்பெண் தன்னைத் தீயிட்டுக்கொள்வதில் தொடங்குகிறது. காவல் நிலையத்திலோ உலகக் கோப்பைக் கால்பந்துக்குப் பந்தயம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பனியையும் இருட்டையும் எதிர்பார்த்துச் செல்லும் வாசகர், வெயிலும் விடுமுறையும் நிறைந்த இந்தக் கொடூரத்தை முழுமையாக உணர மாட்டார்.

நம் ஊர்க் காவல் நிலையத்தையும் நீதிமன்றத்தையும் மனத்தில் வைத்து வாசித்தாலும் தடுமாற்றமே மிஞ்சும். ஸ்வீடனில் 1960களின் இறுதியிலிருந்து மேலதிகாரியையும் மருத்துவரையும்கூட ஒருமையில் அழைப்பது வழக்கமாகிவிட்டதால், இளம் காவலர் தலைமை அதிகாரியைப் பெயர் சொல்லி அழைப்பதில் அவமரியாதை ஏதுமில்லை. ஒருவர் மீது உரிய சந்தேகம் எழுந்ததும் கடுமையான வழக்குகளின் விசாரணையை அங்கே அரசு வழக்கறிஞர் வழிநடத்துவார். வாலண்டர் அடிக்கடி அவரிடம் போய் நிற்பது இதனால்தான். ஹாரி ஹூலே நாவல்களின் காலத்தில் நார்வேக் காவலர்கள் பொதுவாகத் துப்பாக்கியின்றியே பணியாற்றினார்கள் என்பதை அறியாதவருக்கு, ஆயுதம் எடுக்க அனுமதி கேட்கும் காட்சியின் பதற்றம் புரியாது.

இந்நாவல்களை நம்பி அந்நாடுகள் கொலைக்களங்கள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏறத்தாழ 20,000 பேர் வாழும் ஈஸ்டாட் என்ற சிறிய துறைமுக ஊரில் வாலண்டர் சந்திக்கும் தொடர் கொலைகள் முழுக்கக் கற்பனை.

கடைசியாக, தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு நூலுக்கு வருவது. 2008இல் பிபிசி தயாரித்த வாலண்டர் தொடர், மேலே சொன்ன ஐந்தாவது நாவலிலிருந்தே தொடங்கியது. தந்தையோடான உறவு அதற்கு முன் எப்படி வளர்ந்தது என்பதைப் பார்வையாளர் நூலில்தான் தேட வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை ‘ரோசன்னா’. அளவில் சிறியது, பெயர்களும் குறைவு. அப்படியும் குழப்பினால் ஒரு தாளில் பெயரையும் பணியையும் குறித்துக்கொண்டு வாசிக்கலாம். அடுத்து 1991ஆம் ஆண்டின் முதல் வாலண்டர் நாவலுக்குச் செல்லலாம்; லார்சனின் தடித்த நூல்களை இவ்விரண்டுக்கும் பிறகு எடுப்பது நல்லது.