முள்ளம்பன்றியும் கார்த்திகைப்பூவும்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயிரியல் செயற்றிட்டத்துக்கு ஒரு தாவரமும் ஒரு விலங்கும் எடுக்கச் சொன்னால், வன்னிப் பிள்ளைகளுக்கு முதலில் நினைவில் வருபவை வேலியில் படரும் கார்த்திகைப்பூவும் மரவள்ளியைக் கிண்டிப்போகும் முள்ளம்பன்றியும்தான். நல்ல தெரிவு. அட்டவணை போடும்போதுதான் சறுக்குகிறது.

பெயரை நம்பி முள்ளம்பன்றியைக் காட்டுப்பன்றிக்கு உறவாக்கிவிடுகிறார்கள். காட்டுப்பன்றிக்குக் குளம்பு உண்டு. இதுவோ எலியும் அணிலும் அடங்கிய கொறிக்கும் விலங்குகளின் வருணத்தை (குடும்பத்துக்கு மேலுள்ள வகைப்பாட்டுப் படி) சேர்ந்தது. விடியற்காலையில் தோட்டத்தில் கிடக்கும் கறுப்பு வெள்ளை வளையமிட்ட முள்ளை எடுத்துப் பாருங்கள்: அது தடித்துப்போன மயிர். அதை அம்புபோல் எய்யும் என்பது வெறும் கதை. வருணத்தைச் சொல்வது முள்ளல்ல, பல். மேலே இரண்டும் கீழே இரண்டுமாக உளிபோன்ற வெட்டும் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். எலியைப்போலத் தோன்றும் மூஞ்சூறு அந்த வருணத்திலேயே இல்லை!

கார்த்திகைப்பூவைப் பழைய நூல்கள் லில்லிக் குடும்பத்தில் வைத்தன. இன்று அது கொல்சிகேசியே குடும்பம். வெறும் பெயர் மாற்றம் என்று தள்ளிவிடாதீர்கள். அக்குடும்பத்துக்கே உரிய கொல்சிசின் என்ற நஞ்சு இதன் கலப்பை வடிவக் கிழங்கில் நிறைய இருக்கிறது. வள்ளிக்கிழங்கென்று எண்ணி அவித்து உண்டு உயிரிழந்தவர்களும் உண்டு.

"இரண்டும் வெவ்வேறு குடும்பம்" என்று முடிவு எழுதுவது வீண்வேலை. தாவரம், விலங்கு என்று மேல்மட்டமான இராச்சியத்திலேயே பிரிந்துவிட்டவற்றுக்குக் குடும்பத்தில் என்ன ஒப்பீடு?

பெரிய குழப்பம் பாதுகாப்பு நிலையில். உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிட்டு 1964 முதல் வெளிவரும் உலகச் சிவப்புப் பட்டியலில் இரண்டுமே 'கவலை குறைந்தவை'. இதைச் சிலர் 'பாதுகாக்கப்பட்டவை' என்றும், சிலர் 'பாதுகாப்பே தேவையில்லை' என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் பிழை. அந்தச் சொல் அழிந்துபோகும் அபாயத்தை மட்டுமே அளக்கிறது. அதுவும் ஓர் இனம் பரவியிருக்கும் முழு நிலப்பரப்புக்கும் சேர்த்து. கார்த்திகைப்பூ ஆப்பிரிக்கா முதல் ஆசியா வரை பரவியிருக்கிறது. உங்கள் ஊர்ப் பற்றையை டோசர் வழித்துப்போனால் அந்தப் பட்டியலில் எதுவும் மாறாது. வேட்டையாடலாமா, பிடுங்கலாமா என்பதைச் சட்டம் சொல்லும், பட்டியல் சொல்லாது. இலங்கைக்கென்று தனியாகத் தேசியச் சிவப்புப் பட்டியல் இருக்கிறது. அதன் நிலையை எழுதினால் எந்த ஆண்டுப் பதிப்பு என்பதையும் எழுதுங்கள்.

நிலையில் வேறுபாடு காட்ட விரும்பினால் முள்ளம்பன்றிக்குப் பதிலாகச் சாம்பல் மலை அணிலை எடுக்கலாம். அதுவும் கொறிக்கும் விலங்குதான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இது, உலகப் பட்டியலில் 'அச்சுறுத்தலை அண்மித்தது' என்ற வரிசையில் நிற்கிறது.