புத்தகம் பார்த்துத் தோட்டம் போடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

தோட்ட வடிவமைப்பைத் தானாக வாசித்துப் படிப்பவர்கள் முதலில் சறுக்குவது திசையில். கைக்குக் கிடைக்கும் நூல்களில் பல குளிர்நாட்டுக்காக எழுதப்பட்டவை. "தெற்குச் சுவருக்கு வெயில், வடக்குச் சுவருக்கு நிழல்" என்பது அங்கே சரி. மட்டக்களப்பு இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 7.7 பாகை வடக்கில். ஏப்ரல் இரண்டாம் வாரம் தொடங்கி செப்டம்பர் முதல் நாட்கள் வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். ஜூனில் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை வடக்குச் சுவரில்தான் வெயில். நிழல் என்று நம்பி அங்கே நிழல் விரும்பும் பன்னம் (fern) வைத்தால், கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்றும் சேர்ந்து கருக்கிவிடும்.

சந்தேகம் இருந்தால் 1 மீற்றர் தடியொன்றை நேராக நட்டுப் பாருங்கள். ஜூன் 21 நண்பகலில் நிழல் தெற்கே சுமார் 28 சென்ரிமீற்றர் விழும். டிசம்பர் 21இல் வடக்கே சுமார் 60. இந்த இரண்டு அளவும் வரைபடத்தில் ஏறாமல் செடிப் பட்டியல் எழுதக்கூடாது.

அடுத்தது மண். "வடிகாலுக்கு மணல் கலக்கவும்" என்ற வரி களிமண்காரருக்கு எழுதியது. அங்கேயும் கொஞ்ச மணல் போட்டால் மண் இறுகத்தான் செய்யும். கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி என்று எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கே கடலோரம்) நெடுக ஏற்கெனவே மணல்தான், ஊற்றிய தண்ணீர் நிற்காது. குழியின் அடியில் தேங்காய்ப் பொச்சை உட்பக்கம் மேலே பார்க்க இரண்டு அடுக்கு அடுக்கி, மேல்மண்ணோடு மக்கிய மாட்டெரு கலந்து நிரப்புங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல் மண்ணில் கதை வேறு: தண்ணீர் தேங்கும், பாத்தியை 30 சென்ரிமீற்றர் உயர்த்தவேண்டும். வாவியோரக் கிணறு சவர் (உப்புத் தண்ணீர்) என்றால் இலை ஓரம் கருகுவதற்கு உரத்தைக் குறை சொல்லாதீர்கள்.

வரைபடத்தில் நடக்கும் தவறு, நாற்றுமேடையில் கண்ட அளவுக்கே செடிக்கு வட்டம் போடுவது. 10 பேர்ச் வளவு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். 1:100 அளவில் ஏ4 தாளில் அடங்கும். தென்னைக்கு 8 மீற்றர் இடைவெளி, அதாவது தாளில் 8 சென்ரிமீற்றர் வட்டம். நான்கு தென்னையோடு வளவு நிரம்பிவிடும், வீட்டைக் கழித்தால் அதுவுமில்லை. மதில் மூலை செங்கோணம் என்றும் நம்பவேண்டாம். ஒவ்வொரு மரத்தையும் வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து அளந்து குறியுங்கள்.

தோட்டப் படங்களை வெட்டிச் சேர்ப்பதில் தவறில்லை, அதையே படிப்பு என்று மட்டும் நினைக்காதீர்கள்.

"வசந்தத்தில் நடுக" என்பதை ஏப்ரல் என்று மொழிபெயர்த்து நட்டால், கன்று வேர்விடுமுன் கச்சான் பிடித்துவிடும். ஒக்டோபர் முதல் மழையோடு நடுங்கள். மாரியில் வெள்ளம் நிற்கும் மூலையை மட்டும் தைமாதம் வரை விட்டுவையுங்கள்.