முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் மென்பொருள் மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறை, தன் மருத்துவமனைகளில் நோயாளிகளின் பதிவுகளை வைக்கும் மென்பொருளை மாற்ற, 2018-ல் செர்னர் நிறுவனத்துடன் சுமார் 1,000 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. அந்த நிறுவனம் இப்போது ஆரக்கிள் கையில். 2023 ஏப்ரலில், ஐந்தே மருத்துவமனைகளில் நிறுவியிருந்த நிலையில், புதிதாக எங்கும் போட வேண்டாம் என்று நிறுத்தினார்கள். அதுவரை இருந்த விஸ்டா என்ற பழைய மென்பொருள் ஒன்றும் மட்டமான சரக்கு இல்லை. 1970களின் கடைசியிலிருந்து துறையின் ஆட்களே டாக்டர்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது, பராமரிப்பதுதான் வரவரக் கஷ்டமானது.

என்னைக் கேட்டால் பெரிய தவறு, ஆர்டர் சத்தமில்லாமல் தொலைய இடம் கொடுப்பது. புது மென்பொருள் முதலில் வந்தது ஸ்போகேன் நகர மருத்துவமனைக்கு, 2020 அக்டோபரில். அங்கே டாக்டர் ஒரு பரிசோதனைக்கோ சிறப்பு மருத்துவருக்கோ எழுதுவார், போக வேண்டிய இடம் மென்பொருளுக்குப் புரியவில்லை என்றால் அந்த ஆர்டர் யாரும் பார்க்காத ஒரு வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். எழுதியவருக்கு எந்த எச்சரிக்கையும் வராது, அவர் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருப்பார். இப்படிச் சிக்கியவை 11,000-க்கும் மேல், அதனால் நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்த சம்பவங்கள் 149 என்று துறையின் கண்காணிப்பு அலுவலகம் 2022-ல் அறிக்கை தந்தது. விற்பவர் காட்டும் டெமோவில் எல்லாம் சரியாகவே போகும், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். வேண்டுமென்றே தப்பாக ஒரு ஆர்டர் போட்டு, அது எங்கே போகிறது, யார் கண்ணில் படும், எவ்வளவு நேரத்தில் என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆள் இல்லை என்றால் தொடங்கும் தேதியைத் தள்ளிப்போடுவதே மேல்.

அடுத்தது, ஒரே நிறுவனத்தின் மென்பொருள் என்றால் தகவல் தானாக ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கை. ராணுவம் 2015-லேயே செர்னர் மென்பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டது, அதனால் படையில் இருந்தபோது எழுதிய பதிவு ஓய்வுக்குப் பிறகும் கூடவே வரும் என்பதுதான் வாதம். யோசனை நல்லதுதான். ஆனால் மாற்றம் ஒரே இரவில் நடக்காது, பழையதும் புதியதும் வருடக்கணக்கில் சேர்ந்து ஓடும், அதற்குள் அந்த வீரர் வேறு ஊருக்குப் போய் பழைய மென்பொருள் உள்ள மருத்துவமனையில் நிற்பார். புது இடங்களில் மருந்து வாங்கிய சுமார் 2,50,000 பேரின் மருந்து, ஒவ்வாமைத் தகவல் பழைய இடங்களுக்குச் சரியாகப் போய்ச் சேராமல் இருந்திருக்கலாம் என்று 2024-ல் தெரியவந்தது. அரைகுறைத் தகவலை வைத்து 'இந்த மருந்து கொடுக்கலாம்' என்று காட்டும் திரை, ஒன்றுமே காட்டாத திரையைவிட ஆபத்து. ஒன்றும் இல்லையென்றால் நோயாளியிடமாவது கேட்பார்கள்.

வார்டில் வேலை செய்பவர்களைக் கடைசியில் பயிற்சிக்கு மட்டும் கூப்பிடுவதும் தப்பு. மருந்து கொடுக்கும் முன் கைப்பட்டையின் பார்கோடை ஸ்கேன் செய்யும் யோசனை 1990களில் இதே துறையின் டொபீகா மருத்துவமனை நர்ஸ் ஒருவருடையது. வாடகைக் கார் திருப்பிக் கொடுத்த இடத்தில் ஸ்கேனரைப் பார்த்து வந்ததாம்!

அப்புறம் லேப்டாப். 2006-ல் ஊழியர் ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போன தரவு, குறியாக்கம்கூட செய்யாமல், திருடுபோனது. அதில் இருந்தவை சுமார் 2.65 கோடி பேரின் விவரங்கள். கருவி சில வாரத்தில் திரும்பக் கிடைத்தும் வழக்கை முடிக்க 2009-ல் 2 கோடி டாலர் தர வேண்டியிருந்தது.