செபத்தில் ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள்

நம்மில் பலர் செபத்தில் முழு நேரமும் நாமே பேசிவிட்டு எழுந்துவிடுகிறோம். ஆண்டவர் பேச இடமே விடுவதில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியின் வாகனச் சத்தம் விடியும்போதே தொடங்கிவிடும். அதற்கு முன் எழுந்தால்தான் அமைதி. போனை வேறு அறையில் வையுங்கள். நற்செய்தியில் நாலைந்து வசனம் மட்டும், மெதுவாக, இரண்டு முறை வாசியுங்கள். பிறகு எதையும் கேட்காமல் ஐந்து நிமிடம் இருங்கள். மனம் அலையும். சரி, அலையட்டும், அதே வசனத்துக்குத் திரும்பி வாருங்கள். மனதில் நின்ற சொல்லைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

எழுதியதெல்லாம் ஆண்டவர் குரல் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். 1 சாமுவேல் 3ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூப்பிட்டபோது சிறுவன் சாமுவேல் மூன்று முறையும் முதிய குரு ஏலியிடம்தான் ஓடினான். அது யாருடைய குரல் என்று புரியவைத்தவர் அந்த முதியவர். கலியாணம், வேலை, வெளிநாடு போன்ற பெரிய முடிவென்றால், உங்களை நன்றாக அறிந்த ஒரு பெரியவரிடமோ பங்குத்தந்தையிடமோ கட்டாயம் பேசுங்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகும்போது பஸ்ஸிலேயே அந்த வாரப் பக்கங்களைப் புரட்டுவேன். ஒரே சொல் மூன்று நான்கு நாள் வந்திருந்தால், அன்று அதற்காக மட்டுமே செபிப்பேன்.