கச்சான் காற்றில் சைக்கிள்: கொன்டாக்ட் லென்ஸும் காப்புக் கண்ணாடியும்

மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை திருகோணமலையில் வீசும் கச்சான், மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து சூடேறி இந்தப் பக்கம் வருகிற காற்று. கொன்டாக்ட் லென்ஸ் போட்டுச் சைக்கிள் ஓடுகிறவர் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது இதைத்தான். மணிக்கு 25 கிலோமீற்றர் வேகக் காற்றை எதிர்த்து 20 கிலோமீற்றர் வேகத்தில் மிதித்தால், கண்ணில் மோதுவது 45 கிலோமீற்றர் காற்று. மென் லென்ஸ் நீரைப் பிடித்து வைத்திருக்கும் பொருள். அதன் முன்பக்கம் காய்ந்தால் லென்ஸ் இறுகும், பார்வை மங்கும், கண்ணுக்குள் மணல் உருளுவது போல உறுத்தும். பலர் இதைத் தூசு விழுந்ததென்று நினைத்துக் கண்ணைக் கசக்குகிறார்கள். கசக்கினால் காய்ந்த லென்ஸ் கருவிழியை உராயும், அல்லது மடிந்து மேல் இமைக்குள் போய்விடும்.

எனவே வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: லென்ஸ் பார்வைக்கு, கண்ணாடி காவலுக்கு. லென்ஸ் போட்டிருப்பதால் கண்ணுக்கு ஒரு கவசம் இருக்கிறது என்று எண்ணக்கூடாது. அது கல்லைத் தடுக்காது, காற்றைத் தடுக்காது. புறஊதாக் கதிரைத் தடுக்கும் லென்ஸ்கூடத் தான் மூடியிருக்கும் இடத்தை மட்டுமே காக்கும். வெள்ளை விழியும் இமையும் வெளியேதான் இருக்கின்றன. வெயிலும் தூசும் காற்றும் ஆண்டுக்கணக்கில் படுவோருக்குக் கண்ணின் மூக்குப் பக்கத்திலிருந்து சதை வளர்வதை மீனவர்களிடம் பார்த்திருப்பீர்கள். சைக்கிள்காரரும் அதே வெயிலில்தான் நிற்கிறார்.

லென்ஸைத் தெரிவு செய்தல்

சைக்கிளுக்கு ஒருநாள் பாவித்து எறியும் மென் லென்ஸ்தான் ஏற்றது. தூசோ வியர்வையோ பட்டால் எறிந்துவிடலாம், டப்பா வேண்டாம், கழுவும் திரவம் வேண்டாம், இரவில் ஊறவைக்கும் வேலையும் இல்லை. மாத லென்ஸ் பாவிப்பவர்கள்கூடச் சைக்கிள் ஓடும் நாட்களுக்கென்று ஒருநாள் லென்ஸ் சில சோடி வைத்திருப்பது நல்லது. நீர் வீதம் அதிகமுள்ள லென்ஸ் காற்றில் விரைவாகக் காயும். கடையில் வாங்கும்போது "வறண்ட காற்றில் ஓடுகிறேன்" என்று சொல்லிச் சிலிக்கோன் ஹைட்ரோஜெல் வகையைக் கேளுங்கள்.

கடின லென்ஸ் வீதிக்கு ஒத்துவராது. அதன் விட்டம் 9, 10 மில்லிமீற்றர்தான், இமைக்கும்போதெல்லாம் அசையும், அசையும் இடைவெளியில் தூசு புகுந்தால் திடீரென்று குத்தும், இரண்டு கண்ணும் தானாக மூடிக்கொள்ளும். பின்னால் பஸ் வரும்போது அப்படி நடந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. மென் லென்ஸ் 14 மில்லிமீற்றர் அளவில் கருவிழி முழுவதையும் மூடி வெள்ளை விழிமேல் படிந்திருப்பதால் தூசு எளிதில் அடியில் போகாது.

சிதறல் பார்வைக்கு (கருவிழியின் வளைவு சீரில்லாததால் வரும் மங்கலுக்கு) 'டோரிக்' லென்ஸ் போடுபவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். அந்த லென்ஸ் சரியான கோணத்தில் நின்றால்தான் தெளிவு. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அது தன் இடத்துக்குத் திரும்புகிறது. வீதியைக் கூர்ந்து பார்க்கும்போது நாம் இமைப்பதைக் குறைத்துவிடுகிறோம், இமைத்தாலும் அரைகுறையாக இமைக்கிறோம். பார்வை விட்டுவிட்டு மங்கினால், வாகனம் இல்லாத நேர்வீதியில் வேகத்தைக் குறைத்து, மேல் இமை கீழ் இமையைத் தொடும்வரை மூன்று நான்கு தடவை இமையுங்கள். பெரும்பாலும் அது போதும்.

காற்று எந்தப் பக்கம்

நிலாவெளி வீதி நகரிலிருந்து வடமேற்காக ஏறுகிறது. கச்சான் தென்மேற்கிலிருந்து வருவதால் போகும்போது இடப்பக்கத்திலும் திரும்பும்போது வலப்பக்கத்திலும் அடிக்கும். இரண்டும் பக்கக் காற்றுத்தான், ஆனால் திரும்பும் வழி கண்ணுக்குக் கெட்டது. நாம் இடப்பக்கம் ஓடுகிறோம், முந்துகிற வாகனமும் எதிரே வருகிற வாகனமும் வலப்பக்கத்தில், அதாவது காற்று வரும் பக்கத்தில். டிப்பர் கிளப்பும் மணலும் வீதியோரத் தூசும் நேரே முகத்துக்கு வரும். ஆகவே உப்புவெளியிலிருந்தோ நிலாவெளியிலிருந்தோ நகருக்குத் திரும்பும்போது கண்ணாடியின் வலப்பக்க மூடல்தான் முக்கியம். முன்பக்கம் மட்டும் மறைக்கும் சாதாரண மூக்குக்கண்ணாடி இந்த வீதியில் பாதி வேலைதான் செய்யும்.

கன்னியாப் பக்கமும் சீனன்குடா, கிண்ணியாப் பக்கமும் போகிறவர்களுக்குக் காற்று பெரும்பாலும் முன்னிருந்து. கிண்ணியாப் பாலத்தின் மேல் மறைப்பு எதுவும் இல்லை. கண் ஏற்கெனவே காய்ந்திருந்தால் பாலத்துக்கு முன்னரே நின்று துளி விட்டுக்கொண்டு ஏறுங்கள், நடுவில் நிற்க வேண்டாம்.

கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்று கடலிலிருந்து ஈரத்தோடு வருவதால் லென்ஸ் அவ்வளவு காயாது. அப்போது தொல்லை மழைத்துளியும் கண்ணாடியில் படியும் உப்பும். மழை விட்ட மாலைகளில் ஈசல் கிளம்பும், அதற்கு நிறமில்லாத கண்ணாடி கட்டாயம் வேண்டும். ஹெல்மெட்டுக்கு உள்ளே முன்விளிம்புள்ள மெல்லிய தொப்பி போட்டால் துளிகள் பெருமளவு குறையும்.

கண்ணாடி

வில்லை பொலிகார்பனேற் என்ற உறுதியான பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். கண்ணாடியால் ஆன வில்லை கல் பட்டால் உடைந்து கண்ணுக்குள்ளேயே போகும், மலிவான அக்ரிலிக்கும் சில்லாகத் தெறிக்கும். சட்டத்தில் 'இசட்87+' என்றோ, 'ஈஎன் 166' என்பதுடன் 'எஃப்' என்ற எழுத்தோ பொறித்திருந்தால் அது மோதலுக்குச் சோதித்த கண்ணாடி. 'எஃப்' என்பது வினாடிக்கு 45 மீற்றர் வேகத்தில் வரும் சிறிய உருக்குக் குண்டைத் தாங்கியது என்று பொருள். வன்பொருட் கடைகளில் உலோகத்தை ஒட்டும், அரைக்கும் வேலை செய்பவர்களுக்கு விற்கும் பாதுகாப்புக் கண்ணாடிகளில் இந்தக் குறிகள் இருக்கும். விலை உயர்ந்த விளையாட்டுக் கண்ணாடிதான் வேண்டும் என்பதில்லை. ஒழுங்காக வளைந்து பொருந்தினால் நிறமில்லாத பாதுகாப்புக் கண்ணாடி அதிகாலைக்கும் மாலைக்கும் மிக நல்லது.

கறுப்புக் கண்ணாடிகளில் ஒளி விடும் அளவு 0 முதல் 4 வரை இலக்கமிடப்படும். பகல் வெயிலுக்கு 3, அது 8 முதல் 18 வீதம் ஒளியை விடும். 4 வீதியில் பாவிக்கவே கூடாது. நிறம் கறுத்திருப்பதும் புறஊதாக் கதிரைத் தடுப்பதும் வேறு வேறு. 'யூவி400' குறியில்லாத கறுப்பு வில்லை கண்மணியை அகல விரியச் செய்து, கதிரைக் கூடுதலாக உள்ளே விடும். போலரைஸ்ட் வில்லை கடல் பளபளப்பை நன்றாக அடக்கும், ஆனால் வீதியில் எண்ணெய் சிந்தியிருப்பதைக் காட்டும் மினுமினுப்பையும் மறைக்கும். அதனால் சைக்கிளுக்கு அதைச் சிபாரிசு செய்யமாட்டோம்.

ஒரு கண்ணாடியோடு நாள் முழுக்கச் சமாளிக்க வேண்டாம். ஆனி, ஆடி மாலையில் நிலாவெளிக்குத் திரும்புகிறவருக்குச் சாயும் சூரியன் ஏறக்குறைய முகத்துக்கு நேரே நிற்கும். கறுப்பு வேண்டும். ஆனால் சூரியன் மறைந்து பத்து நிமிடத்தில் அதே கறுப்பு ஆபத்து. பிரட்ரிக் கோட்டைப் பக்கமும் நகரின் கடற்கரை ஓரமும் மான்கள் இருட்டில் வீதிக்கு வருவதை ஊரார் அறிவர். நிறமில்லாத வில்லையைப் பையில் வைத்திருங்கள், விளக்குப் போடும் நேரமே மாற்றும் நேரம்.

பொருத்தம் பார்க்க மேசை மின்விசிறி போதும். லென்ஸ் போடாமல், கண்ணாடியை மாத்திரம் போட்டு, விசிறியை முழு வேகத்தில் வைத்து ஒரு முழ தூரத்தில் நேரே பாருங்கள். பிறகு தலையை இரு பக்கமும் அரைவாசி திருப்புங்கள். எந்தக் கோணத்திலாவது கண்ணில் காற்று குளிர்ச்சியாகப் பட்டால் அங்கே இடைவெளி இருக்கிறது. அடுத்ததாக நன்றாகச் சிரியுங்கள், கன்னம் சட்டத்தை மேலே தள்ளக் கூடாது. இமைத்தால் இமைமுடி வில்லையில் உரசக் கூடாது. கைபிடியில் குனிந்து ஓடுபவர் அந்த நிலையிலேயே குனிந்து பார்க்க வேண்டும், மேல்விளிம்பு வீதியை மறைத்தால் அது உங்களுக்கான கண்ணாடி அல்ல. லுமாலா போன்ற நிமிர்ந்து ஓடும் சைக்கிளில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே கீழ்விளிம்பு வழியே ஏறும் காற்றைத்தான் கவனிக்க வேண்டும். கண்ணாடிக் காதுகளை ஹெல்மெட் பட்டிக்கு வெளியே விடுங்கள். அப்போது பட்டியை அவிழ்க்காமலே கழற்றலாம்.

முற்றாக மூடினால் நிற்கும்போது ஆவி படியும். மேல்விளிம்பில் மெல்லிய இடைவெளி இருக்கட்டும், சந்தியில் நிற்கையில் கண்ணாடியை மூக்கில் சற்றுக் கீழே இறக்கி, புறப்படும்போது ஏற்றிக்கொள்ளுங்கள்.

உப்பும் தூசும் படிந்த வில்லையைச் சாரத்தாலோ சேர்ட் நுனியாலோ உலரத் துடைத்தால் கீறல் விழும். முதலில் தண்ணீரை ஓடவிட்டு, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவத்தை விரலால் பூசி, மறுபடி அலசி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். நுளம்பு விரட்டும் பூச்சு பட்டால் உடனே கழுவுங்கள், அதிலுள்ள டீட் என்ற பொருள் சில பிளாஸ்டிக்கை அரித்துவிடும்.

கையும் தண்ணீரும்

தூசு கண்ணை உறுத்தும். தண்ணீரோ லென்ஸ் போட்ட கண்ணைக் கெடுத்தே விடலாம். அகந்தமீபா என்ற ஓரணு உயிரி கிணற்றிலும் குழாய் நீரிலும் கடலிலும் மண்ணிலும் இருக்கிறது. குளோரின் போட்டாலும் அதன் கூடு தாக்குப்பிடிக்கும். லென்ஸில் ஒட்டிக் கருவிழிக்குள் புகுந்தால் மருத்துவம் மாதக்கணக்கில் இழுக்கும், பார்வையும் போகலாம். கன்னியாவரை மிதித்துப்போய் வெந்நீரூற்றில் வாளியால் தலையில் வார்ப்பதும், நிலாவெளியில் கடலில் குதிப்பதும் ஓட்டத்தின் சுகங்கள்தான். லென்ஸைக் கழற்றிவிட்டு அனுபவியுங்கள், அல்லது அன்று மூக்குக்கண்ணாடியோடு போங்கள்.

போடும் முறை: புறப்பட அரை மணி முன்னர் சவர்க்காரத்தால் கை கழுவி, நூல் உதிராத துணியால் ஈரமே இல்லாமல் துடையுங்கள். மீன் வெட்டிய, மிளகாய் அரைத்த கையென்றால் வேறொருவர் கைதான் நல்லது, காரம் ஒரு கழுவலில் போகாது. எப்போதும் வலது கண் முதலில், மாறிப் போகாது. லென்ஸை விரல் நுனியில் நிறுத்திப் பக்கவாட்டில் பாருங்கள்: விளிம்பு நேரே மேலே நின்றால் சரி, வெளிப்புறம் விரிந்தால் உட்புறம் வெளியாகியிருக்கிறது. லென்ஸ் போட்ட பின்னரே வெயில் பூச்சு. நெற்றியில் புருவத்துக்கு ஒரு விரல் மேலோடு நிறுத்தி, வியர்வைப் பட்டி கட்டுங்கள், இல்லாவிட்டால் வியர்வையோடு பூச்சு கண்ணுக்குள் வழியும். திரும்பியதும் கை கழுவி லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான் முகம் கழுவ வேண்டும்.

மாத லென்ஸ்காரருக்குச் சுருக்கமாக: உள்ளங்கையில் திரவம் விட்டுத் தேய்த்து அலசுங்கள், டப்பாவில் பழைய திரவத்தின் மேல் புதியதை ஊற்றாதீர்கள், டப்பாவை 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வீட்டில் உப்புக் கரைத்த நீர் எக்காரணத்துக்கும் வேண்டாம்.

வழியில் கண்ணில் விழுந்தால்

பையில் இருக்க வேண்டியவை: ஒரு சோடி புதிய லென்ஸ், மூக்குக்கண்ணாடி, கெடாமல் வைக்கும் மருந்து கலக்காத ஒற்றைப் பாவனைக் கண்துளிக் குப்பிகள் இரண்டு மூன்று, சவர்க்காரத் துண்டு, கை கழுவ ஒரு சிறு போத்தல் நீர், சிப் பையில் உலர்ந்த துணி. சிவப்பைப் போக்கும் துளிகள் இதற்கு உதவா. கிருமிநாசினி ஜெல் பூசிய கையால் லென்ஸைத் தொட்டால் அல்ககோல் கண்ணை எரிக்கும்.

கண்ணில் ஏதும் பட்டவுடன் கசக்காமல், ஓரம் கட்டி, காற்றுக்கு முதுகு காட்டி நின்று இமையுங்கள். ஒரு குப்பியைத் தாராளமாக விடுங்கள். இன்னும் உறுத்தினால் கை கழுவித் துடைத்து லென்ஸைக் கழற்றுங்கள். கழற்றியதை மீண்டும் போடாதீர்கள், உறுத்தல் முற்றாக நின்ற பிறகே எறியுங்கள். வாயில் வைத்து நனைப்பதும், குடிநீரில் அலசுவதும் கூடாது. உறுத்தல் முற்றாக நின்றால் புதிய லென்ஸ், நிற்காவிட்டால் மூக்குக்கண்ணாடியோடு வீடு. வீட்டில் சேலைத் தலைப்பை ஊதிச் சூடாக்கி ஒற்றுவார்கள், தாய்ப்பால் விடச் சொல்வார்கள். அன்பால் சொல்வதுதான், ஆனாலும் கருவிழியில் கீறல் இருக்கக்கூடிய கண்ணுக்குள் எதையும் விட வேண்டாம். கண்ணை இறுக்கிக் கட்டவும் வேண்டாம், லென்ஸ் பாவிப்பவரின் கீறலில் கட்டுக்குள்ளே கிருமி பெருகும்.

ஒரேயொரு விதிவிலக்கு: சுண்ணாம்பு, பற்றரி அமிலம், கிருமிநாசினி போன்றவை தெறித்தால் எந்தச் சுத்தமான நீரானாலும் உடனே, குறைந்தது 15 நிமிடம் கண்ணைத் திறந்து கழுவுங்கள். லென்ஸ் தானாக வரட்டும், வராவிட்டால் கழுவிக்கொண்டே எடுங்கள். பிறகு நேரே வைத்தியசாலை.

லென்ஸைக் கழற்றிய பின்னும் வலி, சிவப்பு, வெளிச்சம் கூசுதல், மங்கல் குறையாமல் இருந்தால், அல்லது கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், மறுநாள்வரை காத்திருக்காமல் கண் வைத்தியரிடம் போங்கள். பழைய துளிமருந்து, அதிலும் ஸ்டீரொய்ட் கலந்தது, போடாதீர்கள், கிருமித் தொற்றை அது மறைத்து வளர்க்கும். லென்ஸ் போடுபவர் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள், கிணற்று நீரோ கடல்நீரோ பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் எறியாமல் எடுத்துப் போனால், எந்தக் கிருமி என்று ஆய்வுகூடத்தில் அவற்றிலிருந்தும் தேட முடியும்.