அடுத்தடுத்த சிறு நகரங்களுக்கு ஒரே போக்குவரத்துத் திட்டம்: கடிகாரத்திலிருந்து தொடங்குங்கள்

நாலைந்து சிறு நகரங்கள், ஒன்றுக்கொன்று பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தூரம். ஒவ்வொரு நகராட்சியும் தன் எல்லைக்குள் ஒரு திட்டம் வைத்திருக்கும். ஆனால் வீடு ஓர் ஊரில், வேலை அடுத்த ஊரில், பிள்ளையின் கல்லூரி மூன்றாவது ஊரில் என்றுதான் மக்கள் வாழ்கிறார்கள். ஒரு பேருந்தில் இறங்கி, அடுத்ததற்கு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டுமென்றால் யாராயிருந்தாலும் பைக்கோ காரோ வாங்கத்தான் பார்ப்பார்கள். அதனால் புதுப் பேருந்து வாங்குவது பற்றிப் பேசுவதற்கு முன்பே, பேருந்துகள் எங்கே, எத்தனை மணிக்குச் சந்திக்கும் என்பதை முடிவு செய்யுங்கள்.

முதல் வேலை: எண்ணுவது

ஊரை விட்டு வெளியே போகும் சாலைகளைப் பட்டியலிடுங்கள். நாலு ஊர்களுக்கு அப்படிப் பத்துப் பன்னிரண்டு சாலைதான் தேறும். ஒவ்வொன்றிலும் காலை 6 முதல் இரவு 10 வரை வண்டிகளையும் ஆட்களையும் எண்ணுங்கள். பள்ளி நடக்கும் சாதாரண நாள், சந்தை நாள், விடுமுறை நாள் என மூன்று நாளும் வேண்டும். ஒரே நாளை வைத்துப் போட்ட திட்டம், சந்தை நாளன்று படியில் ஆள் தொங்க ஓடும்.

எண்ணிக்கையில் ஒரு ஓட்டை உண்டு. பேருந்தே இல்லாத வேளையில் பேருந்துப் பயணியும் இருக்க மாட்டார். இரவு 9 மணி ஷிப்ட் முடிந்து வருகிறவர் உங்கள் கணக்கில் பைக்காகத்தான் தெரிவார், அல்லது தெரியவே மாட்டார். எனவே பள்ளி, மருத்துவமனை, ஆலைகளிலிருந்து தொடங்கும் நேரத்தையும் விடும் நேரத்தையும் தனியே எழுதி வாங்குங்கள். இரண்டு பள்ளிகள் தங்கள் மணியைக் கால் மணி நேரம் தள்ளி வைத்துக்கொண்டால், ஒரே பேருந்து இரண்டு நடை அடித்துவிடும். ஒரு வண்டியும் ஓர் ஓட்டுநரும் மிச்சம்.

சந்திப்பு நேரம்

சுவிட்சர்லாந்து 1982-ல் நாடு முழுக்க ரயில்களை ஒரே கால ஒழுங்கில், மணிதோறும் அதே நிமிடத்தில் வருமாறு அமைத்தது. சிறு நகரக் கூட்டத்துக்கும் அதே சூத்திரம் பொருந்தும். நடுவிலுள்ள ஊரில் எல்லா வண்டிகளும் மணிக்கு 5 நிமிடம் முன்பு வந்து சேர வேண்டும்; மணி தாண்டி 5 நிமிடத்தில் எல்லாம் கிளம்ப வேண்டும். இடையிலுள்ள பத்து நிமிடத்தில் யாரும் எந்தத் தடத்துக்கும் மாறலாம்.

கணக்கு இப்படி. நடு ஊரிலிருந்து ஓர் ஊருக்கு 24 நிமிட ஓட்டம் என்று வையுங்கள். 8:05-க்குக் கிளம்பி 8:29-க்குச் சேரும். 8:31-க்குத் திரும்பி 8:55-க்கு வந்துவிடும். ஒரு தடத்துக்கு ஒரு வண்டி போதும், மணிக்கு ஒரு நடை உறுதி. அதே ஓட்டம் 28 நிமிடமானால் திரும்பி வரும்போது 9:03. இரண்டே நிமிடத்தில் மறுபடி கிளம்ப வேண்டும். மற்ற வண்டிகளிலிருந்து மாறுகிறவர்கள் ஓடியே பிடித்தாக வேண்டும். நாலே நிமிடத்துக்காக இரண்டாவது வண்டியும் அதற்கு ஆட்களும் தேவைப்படும். செலவில் பெரும்பகுதி ஊழியர் சம்பளம் என்பதால், அந்த நாலு நிமிடத்தைச் சாலையிலேயே தேடுவதுதான் மலிவு.

தேட வேண்டிய இடங்கள்: 150 மீட்டருக்கு ஒன்றாக இருக்கும் நிறுத்தங்களை 400 மீட்டருக்கு ஒன்றாக்குங்கள். 400 மீட்டர் என்பது ஐந்து நிமிட நடை. முன் கதவு, பின் கதவு இரண்டிலும் ஏற விடுங்கள். வண்டி சாலையை விட்டு விலகி உள்ளே போய் நின்று, மறுபடி நெரிசலில் நுழையக் காத்திருக்கிறதா? நடைமேடையைச் சாலைப் பக்கம் நீட்டுங்கள். வண்டி தன் வரிசையிலேயே நிற்கட்டும். கடைசியாக, சந்து பொந்தாகச் சுற்றும் தடத்தை நேராக்குங்கள். இங்கேதான் சண்டை வரும். "எங்கள் தெருவுக்குள்ளும் வரட்டும்" என்று ஒவ்வொரு வார்டும் கேட்கும். அப்போது பெருக்கிக் காட்டுங்கள்: சுற்றால் கூடும் 3 நிமிடம், வண்டியில் அப்போது உட்கார்ந்திருக்கும் 20 பேர், ஆக 60 நிமிட நஷ்டம். அந்தத் தெருவில் ஏறுகிற 4 பேருக்கு ஆளுக்கு 6 நிமிட நடை மிச்சமானாலும் லாபம் 24 நிமிடம்தான். நடக்க இயலாதவர்களுக்கு முன்பதிவில் வரும் சிறு வேன் ஒன்றை ஒதுக்குங்கள். அந்த வேன் மணிக்கு நாலைந்து பேரை ஏற்றினாலே பெரிது என்பதை நினைவில் வையுங்கள். அதை எல்லோருக்கும் திறந்துவிட்டால் திணறிப்போகும்.

எதிரெதிர்த் திசையிலுள்ள இரண்டு தடங்களை ஒரே வண்டியால் கோத்துவிட்டால் பலர் இறங்கி மாறவே தேவையில்லை. எதை எதோடு கோப்பது என்பதைச் சாலைக் கணக்கெடுப்பு சொல்லும்.

ஒரு வண்டி தாமதமானால் மற்றவை எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பகலில் 3 நிமிடம், அதற்கு மேல் கிடையாது. அன்றைய கடைசி வண்டி மட்டும் எவ்வளவு நேரமானாலும் நிற்கட்டும். கடைசி வண்டியை ஒரு முறை தவறவிட்டு நடுவழியில் நின்றவர் மறுபடி பேருந்தை நம்ப மாட்டார்.

நிலையம் பெரிதாக வேண்டாம். வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்க இடம், அத்தனைக்கும் ஒரே கூரை, சாலையைக் கடக்காமல் 50 மீட்டருக்குள் மாறும் வசதி, இவை போதும். முன்னால் நிற்பது நகராவிட்டாலும் பின்னால் இருப்பது வெளியேற வேண்டும். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் நேர்க்கரை நடைமேடையில் 12 மீட்டர் வண்டி ஒன்றுக்கு 20 மீட்டருக்குக் குறையாமல் விடுங்கள்.

மின்சார வண்டி

நடுத்தர அளவு மின் பேருந்து கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 யூனிட் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 24 நிமிடத்தில் 12 கிலோமீட்டர் என்றால், மணிக்கு ஒரு முறை போய்வர 24 யூனிட். 14 மணி நேரத்தில் 336. பேட்டரி 250 யூனிட் என்றாலும் நம்பி எடுக்கக்கூடியது 200 அளவுக்குத்தான். சந்திப்பின் பத்து நிமிடம் இங்கே கைகொடுக்கும்: 150 கிலோவாட் சார்ஜரில் 8 நிமிடத்துக்கு 20 யூனிட் ஏறும். மணிக்கு 4 என்று நாள் முழுக்க இழப்பு 56 யூனிட்தான்.

காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் நாலு வண்டியும் ஒரே பத்து நிமிடத்தில் செருகினால் 600 கிலோவாட் இழுக்கும். டிரான்ஸ்ஃபார்மரும், உச்ச கேட்புக்கு, அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகபட்ச மின்சாரத்துக்கு, விதிக்கும் கட்டணமும் திட்டத்தையே விழுங்கிவிடும். போதாக்குறைக்குத் தாமதமாக வரும் வண்டிக்கு சார்ஜ் நேரமும் போய்விடும். இதைவிட நல்ல வழி, காலைப் பள்ளி நேரக் கூடுதல் வண்டிகளைப் பத்து மணி முதல் மூன்று மணி வரை பணிமனையில் மெதுவாக ஏற்றி, மதியம் வண்டி மாற்றிக்கொள்வது.

எதுவானாலும் காலி வண்டி பசுமை ஆகாது. டீசல் ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. லிட்டருக்கு 3.5 கிலோமீட்டர் ஓடும் பேருந்து கிலோமீட்டருக்கு 770 கிராம் விடுகிறது. 150 கிராம் விடும் காரில் சராசரி ஒன்றரை ஆள் என்றால் தலைக்கு 100. சராசரியாக எட்டுப் பேர்கூட இல்லாத பேருந்து காரிடம் தோற்கும்.

சைக்கிளும் பணமும்

நிலையத்திலிருந்து 3 கிலோமீட்டருக்குள் இருக்கும் குடியிருப்புகளுக்குக் கிளைத் தடம் போடாதீர்கள். சைக்கிளில் 12 நிமிடம். வண்டிகள் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகும் சாலையில் தனிப் பாதை கொடுங்கள், இருவழி என்றால் 3 மீட்டர் அகலம். சக்கரத்தை மட்டும் கவ்வும் கம்பி வேண்டாம். சட்டகத்தைப் பூட்டும்படி கவிழ்த்த 'ப' வடிவக் குழாய்களை ஒரு மீட்டர் இடைவெளியில், கார் நிறுத்துமிடத்தைவிட நடைமேடைக்கு அருகில் நடுங்கள்.

டிக்கெட் ஒன்றாக இருக்க வேண்டும். ஜெர்மனியின் ஹாம்பர்கில் 1965-லேயே பல நிறுவனங்கள் பொதுக் கட்டணத்துக்காக ஒரே கூட்டமைப்பில் சேர்ந்தன. செலவைப் பங்கிடும்போது மக்கள்தொகையை மட்டும் வைத்தால் பெரிய ஊர் முரண்டு பிடிக்கும். தூரத்தை மட்டும் வைத்தால் கடைக்கோடி ஊர் நொடிந்துபோகும். பாதியை மக்கள்தொகைப்படியும் பாதியை அந்த ஊருக்கு வண்டிகள் ஓடும் மொத்த மணி நேரப்படியும் பிரிப்பது ஓரளவு எல்லோரும் ஒத்துக்கொள்ளக்கூடியது. ஒப்பந்தம் மூன்றாண்டுக்குக் குறைய வேண்டாம், விலகுவதற்கு ஓராண்டு முன்னறிவிப்பு வேண்டும். நடுவில் ஒரே ஓர் ஊர் கழன்றாலும் கோத்த தடம் அறுந்து, மற்ற ஊர்களின் சந்திப்பும் குலைந்துவிடும்.

ஓடத் தொடங்கியதும் மாதாமாதம் இரண்டு எண்களைப் பாருங்கள்: வண்டி ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எத்தனை பேர் ஏறினார்கள், நூறு சந்திப்பில் எத்தனை தவறியது. முதல் எண் மெதுவாகத்தான் ஏறும். ஒன்றரை, இரண்டு ஆண்டு பொறுங்கள். இரண்டாவது எண்ணுக்குப் பொறுக்காதீர்கள். நூறில் ஐந்துக்கு மேல் தவறினால் எந்தத் தடத்தில், எந்த நிறுத்தத்தில் நிமிடம் கரைகிறது என்று அந்த வாரமே வண்டியில் ஏறிப் பாருங்கள்.