கடலுக்குள் ஸ்ட்ரோப்: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி முடிந்தால் கோவை, திருப்பூர், ஈரோட்டிலிருந்து அந்தமானுக்கு டைவிங் கிளம்புகிறவர்கள், வாங்கப்போகும் சாமான் பட்டியலை அனுப்பி அபிப்பிராயம் கேட்பார்கள். முதல் வரியிலேயே ஸ்ட்ரோப், அதாவது தண்ணீருக்குள் படமெடுக்கும் தனி பிளாஷ், இருக்கும். நாங்கள் பழகிய காலத்துத் தவறு அப்படியே திரும்ப வருவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. சார்ஜ் போட மறப்பது போன்றவை ஒரு தடவை பட்டாலே சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேமரா ஸ்ட்ரோப்பை எப்படி அடிக்க வைக்கும் என்று பார்க்காமல் வாங்குவது

காசு அதிகம் கரைவது இங்கேதான். திருப்பூர்த் தம்பி ஒருவர் நிக்கான் டி500 கேமரா, அதற்குத் தண்ணீர் புகாத உறையான ஹவுசிங், இரண்டு ஸ்ட்ரோப், இரண்டு ஃபைபர் கேபிள் எல்லாம் வாங்கிக்கொண்டு அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போனார். அங்கிருந்து போன். "அண்ணா, ரெண்டுமே அடிக்க மாட்டீங்குதுங்கண்ணா!"

எப்படி அடிக்கும்? ஃபைபர் கேபிள் வெளிச்சத்தை மட்டும்தான் கடத்தும். கேமராவிலேயே மேலே எழும்பும் பாப்-அப் பிளாஷ் மின்னினால் அந்த ஒளி கேபிள் வழியாகப் போய் ஸ்ட்ரோப்பை எழுப்பும். டி500-இல் பாப்-அப் பிளாஷே கிடையாது. டி850, கேனான் 5டி மார்க் 4 ஆகியவற்றிலும் இல்லை. டி7200, கேனான் 80டி போன்றவற்றில் உண்டு. "எல்லாக் கேமராவுக்கும் சேருமுங்க" என்று விற்றவர் சொன்னாராம். உள்ளே என்ன கேமரா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பயணம் வீணாகியிருக்காது. சில மீட்டர் ஆழத்திலேயே தண்ணீர் சிவப்பு நிறத்தை விழுங்கிவிடும். ஸ்ட்ரோப் வெளிச்சம் இல்லாததால் தம்பி கொண்டுவந்த பவளப் படங்கள் அத்தனையும் ஒரே நீலம். இன்றும் நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

பாப்-அப் இல்லாத கேமராவுக்கு இரண்டு வழி உண்டு. கேமராவின் மேல் பிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவில் பொருத்தி, பாப்-அப்புக்குப் பதிலாக ஒளி விடும் எல்இடி ட்ரிகர் ஒன்று. அதற்கு ஹவுசிங்குக்குள் இடமும், வெளியே ஃபைபர் மாட்டத் துளையும் இருக்க வேண்டும். மற்றது மின் கேபிள். இதில் ஹவுசிங்கின் இணைப்பியும் ஸ்ட்ரோப்பின் இணைப்பியும் பொருந்த வேண்டும். ஆகவே முதலில் கேமரா, அப்புறம் ஹவுசிங், கடைசியில்தான் ஸ்ட்ரோப்.

பாப்-அப் இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. பிளாஷ் அளவைக் கேமராவே தீர்மானிக்கும் டிடிஎல் முறையில், அது அளவு பார்க்க முன்கூட்டியே ஒரு சின்ன மின்னல் விடும். ஸ்ட்ரோப்பின் ப்ரீ-பிளாஷ் செட்டிங் தவறாக இருந்தால் அதற்கே முழுதாக அடித்துவிடும். கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், படம் கறுப்பாக வரும். ஸ்ட்ரோப் பழுது என்று திருப்பி அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். பழகும் வரை பாப்-அப், ஸ்ட்ரோப் இரண்டையும் மேனுவலில் வையுங்கள். பாப்-அப்பை மிகக் குறைந்த பவரில் விட்டால் சீக்கிரம் சார்ஜ் ஏறும்.

பெட்டியில் உள்ள கைடு நம்பரை நம்புவது

பிளாஷின் பவரைக் காட்டும் எண்தான் கைடு நம்பர்; அது காற்றில் அளந்த கணக்கு. 32 என்று போட்டிருந்தால் தண்ணீருக்குள் சுமார் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பெரிய ஸ்ட்ரோப்பாக இருந்தாலும் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டருக்கு அப்பால் நிறம் எழாது. கிட்டே போய்த்தான் எடுக்க வேண்டும்.

ஸ்ட்ரோப்பைத் தாங்கும் கையின் நீளத்தில் மிச்சம் பிடிப்பது

ராமேஸ்வரம் பக்கம் போல் கலங்கல் தண்ணீரில் லென்ஸை ஒட்டி வெளிச்சம் விழுந்தால், மிதக்கும் தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளியாகப் படத்தில் வரும். ஸ்ட்ரோப்பைப் பக்கவாட்டில் தள்ளி, லென்ஸ் கண்ணாடிக்குச் சற்றுப் பின்னால் வைக்க நீளமான கை வேண்டும். அகலக் கோணத்துக்கு இரண்டு ஸ்ட்ரோப் இருப்பது நல்லது. ஒன்றுக்குத்தான் காசு இருந்தால் சின்ன உயிர்களை மிகக் கிட்டே எடுக்கும் மேக்ரோவில் தொடங்குங்கள்.

ஸ்ட்ரோப்புக்குப் பதில் வீடியோ லைட்

வேண்டாம். ஓடும் மீனை உறைய வைக்க அந்த வெளிச்சம் போதாது.

சாதா அல்கலைன் பேட்டரி

ஏஏ பேட்டரி போடும் ஸ்ட்ரோப்பானால் ரீசார்ஜ் செய்யும் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு (NiMH) ஏஏ மட்டும் போடுங்கள்.

ஊரில் சோதிக்காமல் கிளம்புவது

எல்லாவற்றையும் பூட்டி, இருட்டு அறையில் பத்துப் படம் எடுத்துப் பாருங்கள். ட்ரிகர் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும். பிறகு கேமராவை வெளியே எடுத்துவிட்டு, வெறும் ஹவுசிங்கைத் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் கல் கட்டி ஒரு மணி நேரம் அமுக்கி வையுங்கள். உள்ளே ஒரு டிஷ்யூ தாள் போட்டிருந்தால் ஒரு சொட்டு இறங்கினாலும் காட்டிக்கொடுக்கும். எடுத்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள்; நம் பக்கத்து போர் தண்ணீர் காய்ந்தால் பட்டன்களைச் சுற்றி வெள்ளையாகப் படியும்.